செவிலியர்களின் மரபியல் அறிவை அளப்பது எப்படி? வடசென்னை மருத்துவமனைகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஐந்தாவது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் நான்கில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட திருமணங்கள் சொந்தத்துக்குள் நடந்தவை. ராயபுரத்திலோ கொருக்குப்பேட்டையிலோ கர்ப்பம் பதிவுசெய்ய வரும் பெண்ணிடம் "சொந்தத்துல கட்டினீங்களாம்மா?" என்று முதலில் கேட்பது டாக்டர் அல்ல, சிஸ்டர்தான். அந்தப் பதிலை வெறுமனே ஒரு டிக் போட்டுவிட்டு நகர்கிறாரா, இல்லை "தாய்மாமனா, அத்தை பிள்ளையா, மூத்த குழந்தை எப்படி இருக்கு?" என்று அடுத்த கேள்விக்குப் போகிறாரா என்பது அவருடைய மரபியல் அறிவைப் பொறுத்தது. அந்த அறிவு எவ்வளவு இருக்கிறது என்று நம் மருத்துவமனைகளில் முறையாகப் பார்ப்பதே இல்லை. பார்க்கும்போதும் பாடப்புத்தகக் கேள்விகளைக் கொடுத்துவிட்டு, பாதிப் பேர் தேறவில்லை என்று அறிக்கை எழுதி முடித்துவிடுகிறோம்.

செவிலியர் கண்காணிப்பாளர்கள், நர்சிங் கல்லூரி டியூட்டர்கள், ஆய்வேடு எழுதும் எம்.எஸ்சி. மாணவிகள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். நான் சொல்ல வருவது ஒன்றுதான்: செவிலியர் கட்டிலருகே என்ன செய்கிறாரோ அதிலிருந்து கேள்வி பிறக்க வேண்டும்.

படி 1: எதற்காக அளக்கிறீர்கள்?

பயிற்சி வகுப்பில் என்ன சொல்லித்தர வேண்டும் என்று தெரிந்துகொள்ளவா? வகுப்புக்கு முன்னும் பின்னும் ஒப்பிடவா? ஆய்வுக்காகவா? இதை முதலிலேயே ஒரே வரியில் எழுதிக்கொள்ளுங்கள். பதவி உயர்வுக்கோ ஒப்பந்தச் செவிலியரின் பணி நீட்டிப்புக்கோ இந்த மதிப்பெண்ணைப் பயன்படுத்தக் கூடாது. அதையும் சுற்றறிக்கையில் எழுத்தில் போடுங்கள். தொகுப்பூதியத்தில் இருப்பவருக்கு எந்தத் தேர்வும் வேலைக்கு வரும் மிரட்டலாகத்தான் தெரியும். பயந்து எழுதிய பதில் எதையும் அளக்காது.

ஆய்வு என்றால் நிறுவன நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்கள் உங்களுக்கும் பொருந்தும். "வெறும் கேள்வித்தாள்தானே" என்று விட்டுவிடாதீர்கள்.

படி 2: அறிவு, திறன், நம்பிக்கை, நடைமுறை. நான்கையும் குழப்பாதீர்கள்

"உங்களுக்கு மரபியல் எவ்வளவு தெரியும்?" என்று கேட்டு ஒன்று முதல் ஐந்து வரை போடச் சொல்வது அறிவை அளப்பதாகாது. அவர் தன்னைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பதுதான் அதில் தெரியும். தெரியும் என்று நினைப்பதும் உண்மையில் தெரிவதும் பல நேரம் ஒத்துப்போவதில்லை. இரண்டையும் கேளுங்கள், தனித்தனியாகக் கேளுங்கள், பிறகு ஒப்பிடுங்கள். நம்பிக்கை அதிகம், அறிவு குறைவு என்றிருக்கும் இடம்தான் நோயாளிக்கு ஆபத்து.

ஏற்கனவே உள்ள கருவிகளைப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். அமெரிக்காவில் உருவான ஜீனோமிக் நர்சிங் கான்செப்ட் இன்வென்ட்டரி 31 கேள்விகள் கொண்டது, அறிவை மட்டும் நேரடியாகச் சோதிப்பது. ஜெனெடிக்ஸ் அண்ட் ஜீனோமிக்ஸ் இன் நர்சிங் பிராக்டிஸ் சர்வே என்பது மனப்பான்மை, நம்பிக்கை, குடும்ப வரலாறு எடுக்கும் பழக்கம் ஆகியவற்றையும் சேர்த்துக் கேட்பது. செவிலியருக்கு மரபியலில் இருக்க வேண்டிய அடிப்படைத் திறன்களின் பட்டியலையும் அமெரிக்கச் செவிலியர் அமைப்புகள் 2005-லேயே கூடி ஒப்புக்கொண்டுவிட்டன. இவற்றின் அமைப்பை எடுத்துக்கொள்ளலாம், உரியவர்களின் அனுமதியோடு கேள்விகளையும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் தாய்மாமன் திருமணம் பற்றி அங்கே யாரும் கேட்கப்போவதில்லை. அதை நாம்தான் எழுத வேண்டும்.

இன்னொன்று. உங்கள் வார்டில் இருப்பவர்கள் படித்த பாடத்திட்டம் ஒன்றல்ல. இந்திய நர்சிங் கவுன்சிலின் திருத்திய பி.எஸ்சி. பாடத்திட்டத்தில் மரபியல் நான்காவது செமஸ்டரில் நோயியலோடு சேர்ந்து வருகிறது. பல ஆண்டுகளுக்கு முன் டிப்ளமோ முடித்தவருக்கு அந்த வாய்ப்பே கிடைத்திருக்காது. எனவே என்ன படித்தார், எந்த ஆண்டு முடித்தார் என்ற இரண்டு விவரமும் கேள்வித்தாளின் முதல் பக்கத்தில் இருக்கட்டும்.

படி 3: வார்டைப் பார்த்துப் பாடத்தைத் தேர்ந்தெடுங்கள்

இந்த வேலையின் உயிர் இந்தப் படியில்தான் இருக்கிறது. நிதானமாகச் செய்யுங்கள். ஒவ்வொரு வார்டு இன்சார்ஜிடமும் போய் உட்கார்ந்து, "மரபணு சம்பந்தப்பட்ட எது உங்கள் கைக்கு வருகிறது?" என்று கேளுங்கள். "எதுவும் வராதே" என்பதுதான் முதல் பதிலாக இருக்கும். அப்புறம் பேசப் பேச வரும்.

கர்ப்பிணிகள் பிரிவில்: இரும்புச்சத்து மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டும் ஹீமோகுளோபின் ஏறாத பெண். ரத்தப் பரிசோதனையில் எம்.சி.வி. (சிவப்பணுவின் அளவு) 80-க்குக் கீழே, எம்.சி.எச். (அதிலுள்ள ஹீமோகுளோபின்) 27-க்குக் கீழே. இவர் தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோயின் கேரியராக (தனக்கு நோய் இல்லாமல் அந்த மரபணுவைச் சுமப்பவராக) இருக்கலாம், ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் எச்.பி.எல்.சி. பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும், கேரியர் என்று தெரிந்தால் கணவரையும் உடனே அழைக்க வேண்டும் என்று செவிலியருக்குத் தோன்றுகிறதா? ஹீமோகுளோபின் ஏ2 அளவு 3.5 சதவீதத்தைத் தாண்டினால் பொதுவாகக் கேரியர் என்று எடுத்துக்கொள்வார்கள். இந்த எண்ணை மனப்பாடமாகச் சொல்லச் சொல்வதைவிட முக்கியம், ரத்தம் ஏற்றுவதற்கு முன்பே மாதிரி எடுக்க வேண்டும் என்று தெரிந்திருப்பது. ஏற்றிய பிறகு எடுத்தால் அதில் அடுத்தவர் ரத்தமும் கலந்திருக்கும்.

சௌகார்பேட்டைப் பக்கம் குஜராத்தி, சிந்தி குடும்பங்கள் உண்டு. சிந்திகளிடமும் குஜராத்தின் லோகாணா சமூகத்தினரிடமும் தலசீமியா கேரியர்கள் அதிகம். மணலி, எண்ணூர், மாதவரம் பக்கம் ஒடிசா, ஜார்க்கண்ட், வங்காளத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள் இருக்கிறார்கள். மேற்கு ஒடிசாவில் சிக்கிள் செல் நோய் (ரத்த அணுக்கள் அரிவாள்போல் வளைந்து கடும் வலி தரும் பரம்பரை நோய்) அதிகம். அதனால்தான் 2023 ஜூலையில் தொடங்கிய தேசியச் சிக்கிள் செல் ஒழிப்புத் திட்டம் அந்த மாநிலத்தையும் உள்ளடக்கியது. எலும்பு வலி என்று இரவில் வந்து கதறும் இளைஞனை "நடிக்கிறான், ஊசிக்காக வருகிறான்" என்று நினைக்காமல், ஊரையும் குடும்பத்தையும் விசாரிக்கும் செவிலியர் நமக்கு வேண்டும். அதே நேரம், சாதியையோ மொழியையோ பார்த்து மட்டும் முடிவெடுப்பதும் தப்பு என்பதைக் கேள்வியே உணர்த்த வேண்டும்.

மருத்துவ வார்டில் மலேரியா. வடசென்னைக்கு இது பழைய விருந்தாளி. வைவாக்ஸ் மலேரியா திரும்ப வராமலிருக்க 14 நாள் பிரைமாக்வின் கொடுக்கிறோம். ஜி6பிடி என்சைம் குறைபாடு உள்ளவருக்கு அதே மாத்திரை ரத்த அணுக்களை உடைத்துவிடும். சிறுநீர் கருந்தேநீர் நிறத்தில் போனால் மாத்திரையை நிறுத்தச் சொல்லி டாக்டரைக் கூப்பிட வேண்டும். கர்ப்பிணிக்குப் பிரைமாக்வின் கொடுக்கவே கூடாது. இதைத் தெரிந்த செவிலியர் பலர் உண்டு. ஆனால் இந்தக் குறைபாடு எக்ஸ் குரோமோசோம் வழியாக வருவது, அதனால் ஆண் பிள்ளைகளைத்தான் அதிகம் தாக்கும், அம்மாவின் சகோதரருக்கு இப்படி ஆனதா என்று கேட்பது பயனுள்ள கேள்வி என்பதை எத்தனை பேர் சேர்த்துப் பார்க்கிறார்கள்? பிறந்த குழந்தைகள் வார்டிலும் இதே பாடம் வருகிறது, ஏனென்றால் இந்தக் குறைபாட்டில் அந்துருண்டையும் ரத்த அணுக்களை உடைக்கும்: பழைய துணிப்பெட்டியில் அந்துருண்டை போட்டு வைத்திருந்த சட்டையைக் குழந்தைக்குப் போட்டிருக்கிறார்கள், மூன்றாம் நாள் மஞ்சள் காமாலை ஏறிக்கொண்டே போகிறது. ஒரு நல்ல கேள்விக்கான கதை இதிலேயே இருக்கிறது.

காசநோய்ப் பிரிவில் "ஜீன் டெஸ்ட்" என்றாலே சளியில் காசநோய்க் கிருமியைத் தேடும் சிபிநாட்தான். அது கிருமியின் மரபணுவைத்தான் தேடுகிறது, நோயாளியின் மரபணுவை அல்ல. ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மருந்துக்கு எதிர்ப்பு என்று முடிவு வந்தால் அது குடும்பத்தில் பரம்பரையாக வருவது என்று நோயாளி பயப்படுகிறார். அதைத் தெளிவுபடுத்த செவிலியருக்குத் தெரிய வேண்டும். ஸ்ட்ரெப்டோமைசின் போன்ற அமினோகிளைகோசைடு ஊசிக்கு முன் "அம்மா வழியில் யாருக்காவது ஊசி போட்ட பிறகு காது போயிருக்கா?" என்று கேட்பதும் மரபியல்தான். அந்தப் பாதிப்புக்குக் காரணமான ஒரு மரபணு மாற்றம் மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கிறது, அம்மா வழியாக மட்டுமே வரும்.

அறுவை அரங்கில் "மயக்க மருந்துக்குப் பிறகு குடும்பத்தில் யாருக்காவது மூச்சு திரும்ப ரொம்ப நேரம் ஆனதா?" என்ற கேள்வி. மயக்கத்தின்போது தசைகளைத் தளர்த்தக் கொடுக்கும் சக்சினைல்கோலினை உடைக்கும் என்சைம் சில குடும்பங்களில் மிகக் குறைவு. வலிப்பு நோய்ப் பிரிவில், சில மரபணு வகை உள்ளவர்களுக்குக் கார்பமசிபின் மாத்திரையால் வரும் தோல் கொப்புளம். புற்றுநோய் என்றால், மார்பகப் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டும் பிஆர்சிஏ மரபணு மாற்றம் அப்பா வழியாகவும் மகளுக்கு வரும் என்பது. இவற்றிலிருந்து ஒவ்வொன்று போதும்.

சட்டமும் வேண்டும். கருவின் மரபணுப் பரிசோதனை எந்தக் காரணங்களுக்கு அனுமதி, எழுத்துப்பூர்வ ஒப்புதல் ஏன் தேவை, பாலினத்தை ஏன் எந்த வழியிலும் சொல்லக் கூடாது என்பவை கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994-ன் பி.சி.பி.என்.டி.டி. சட்டத்தில் உள்ளவை. பிரசவப் பிரிவுச் செவிலியருக்கு இது கட்டாயம்.

படி 4: கேள்வி எழுதுவது

மோசமான கேள்வி ஒன்று: "மனித உடலில் எத்தனை ஜோடி குரோமோசோம்கள் உள்ளன?" 23 என்று சொல்லிவிடுவார். சரி, அதைத் தெரிந்து கட்டிலருகே என்ன செய்யப்போகிறார்?

நல்ல கேள்வி ஒன்று:

"வியாசர்பாடியிலிருந்து வரும் தம்பதி. இருவரும் தலசீமியா கேரியர்கள். முதல் குழந்தைக்கு நோய் இருக்கிறது. மாமியார் உங்களிடம், 'நாலுல ஒண்ணுக்குத்தானே வரும்னாங்க. அந்த ஒண்ணு வந்துடுச்சு, இனி மூணும் நல்லா பொறக்கும் இல்ல சிஸ்டர்?' என்கிறார். எது சரி?
அ) ஆமாம், அடுத்த மூன்று குழந்தைகளுக்கும் வராது.
ஆ) ஒவ்வொரு முறையும் நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு, முன்பு நடந்தது அதை மாற்றாது.
இ) பெண் குழந்தை என்றால் வராது.
ஈ) அடுத்த குழந்தைக்குக் கட்டாயம் வரும்.
உ) தெரியவில்லை."

இதில் தவறான விடைகள் ஒவ்வொன்றும் யாரோ உண்மையில் நம்புவது. அதுதான் ரகசியம். தவறான விடைகளை மேசையில் உட்கார்ந்து கற்பனை செய்யாதீர்கள். புறநோயாளிகள் பிரிவில் நின்று நோயாளிகளும் உறவினர்களும் என்ன கேட்கிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். "தெரியவில்லை" என்ற விடையைக் கட்டாயம் வையுங்கள். தெரியவில்லை என்பவரும் தவறாக நம்புபவரும் ஒன்றல்ல. முதலாமவர் டாக்டரைக் கேட்பார், இரண்டாமவர் தைரியமாகத் தவறாகச் சொல்வார்.

மொழி: தமிழில் கேளுங்கள், வார்டில் வழங்கும் சொல்லை அப்படியே விடுங்கள். கேரியர், ஹீல் பிரிக் (பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி ரத்தம் எடுப்பது), பெடிகிரி (குடும்பத்தின் தலைமுறைப் படம்) என்பவற்றுக்கு அகராதித் தமிழ் போட்டால் தமிழ் தெரிகிறதா என்றுதான் சோதிப்பீர்கள். தமிழில் படிக்கச் சிரமப்படும் வெளிமாநிலச் செவிலியர் இருந்தால் அவருக்கு ஆங்கிலப் பிரதி தயாராக இருக்கட்டும்.

24 கேள்விகள் போதும். 30 நிமிடத்துக்குள் முடிய வேண்டும்.

படி 5: பெடிகிரி வரையச் சொல்லுங்கள்

கேள்வித்தாள் மட்டும் கொடுத்து நிறுத்திவிடாதீர்கள். ஒரு வெள்ளைத்தாள், ஒரு பென்சில், ஒரு கதை. நான் பரிந்துரைக்கும் கதை இது:

"காசிமேட்டுப் பெண், வயது 23, எட்டு வாரக் கர்ப்பம். கணவர் அவருடைய அம்மாவின் சொந்தத் தம்பி. மூன்று வயது மகனுக்கு மாதாமாதம் ரத்தம் ஏற்றுகிறார்கள். கணவரின் தம்பி ஒருவர் சின்ன வயதிலேயே 'ரத்தம் வத்தி' இறந்துபோனதாகப் பாட்டி சொல்கிறார்."

ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோயுள்ளவருக்குக் கறுப்பு நிரப்பு, இறந்தவர் மேல் குறுக்குக்கோடு, சொந்தத்தில் திருமணத்துக்கு இரட்டைக்கோடு. குறியீடுகளைத் தாளின் மேலேயே அச்சடித்துக் கொடுத்துவிடுங்கள். நாம் பார்க்க வேண்டியது மனப்பாடத்தை அல்ல.

எங்கே தடுமாறுவார்கள் என்றால், கணவனையும் மனைவியையும் ஒரே வரிசையில் வரைந்துவிடுவார்கள். இந்தக் குடும்பத்தில் கணவர் இரண்டாம் தலைமுறை, மனைவி மூன்றாம் தலைமுறை. மனைவியின் பாட்டியே அந்த மனைவிக்கு மாமியார். அந்தப் பாட்டியைத் தாளில் இரண்டு இடத்தில், இரண்டு வேறு மனிதர்களாக வரைந்துவிட்டால் உறவே மறைந்துபோகும். ஒரே வட்டத்திலிருந்து மகளுக்கு ஒரு கோடு, மகனுக்கு ஒரு கோடு, மகளுக்குக் கீழே பேத்தி, அந்தப் பேத்தியிலிருந்து சாய்வாக மேலேறி மாமனைத் தொடும் இரட்டைக்கோடு. இதை வரைந்தவர் எதற்காகச் சொந்தத் திருமணத்தைக் கேட்கிறோம் என்பதைக் கண்ணாலேயே பார்த்துவிடுகிறார். மாமனுக்கும் அக்கா மகளுக்கும் சராசரியாக நான்கில் ஒரு பங்கு மரபணு பொது. அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை என்றால் எட்டில் ஒரு பங்கு.

மதிப்பெண் பத்து: மூன்று தலைமுறையாவது இருக்கிறதா (2), தலைமுறை வரிசை சரியா (2), இரட்டைக்கோடு (1), மூத்த மகனும் இறந்த சித்தப்பாவும் குறிக்கப்பட்டார்களா (2), கணவன் மனைவி இருவருமே கேரியர்களாக இருந்தாக வேண்டும் என்று எழுதினாரா (1), அடுத்து என்ன செய்வார் (2). கடைசி இரண்டு மதிப்பெண் மிக முக்கியம். கருக்கொடிப் பரிசோதனை (நஞ்சுக்கொடித் திசுவை எடுத்துக் கருவுக்கு நோய் உண்டா என்று பார்க்கும் சி.வி.எஸ்.) 11 வாரத்துக்குப் பிறகு, 13 வாரம் வரை செய்யக்கூடியது. இந்தப் பெண் எட்டாவது வாரத்தில் வந்திருக்கிறார். "இன்றே டாக்டரிடம் சொல்லி மேல்சிகிச்சை மையத்துக்கு அனுப்புவேன்" என்று எழுதியவருக்கு முழு மதிப்பெண். "அடுத்த செக்கப்பில் பார்க்கலாம்" என்பவருக்கு ஒன்றும் இல்லை.

இருவர் தனித்தனியாகத் திருத்துங்கள். வித்தியாசம் வந்தால் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

முடிந்தால் ஐந்து நிமிட உரையாடல் ஒன்றும் சேருங்கள். ஒருவர் கர்ப்பிணியாக நடிக்கட்டும், செவிலியர் விசாரிக்கட்டும். "உங்க வீட்ல இந்த நோய் யாரால வந்துச்சு?" என்று கேட்டுவிட்டால் குடும்பத்தில் பெண்ணின் தலையில்தான் பழி விழும். அந்த வாக்கியத்தைக் கவனித்துக் குறித்துக்கொள்ளுங்கள். இதை எந்தக் கேள்வித்தாளும் பிடிக்காது.

படி 6: கருவியைச் சரிபார்ப்பது

மரபியல் மருத்துவர், மகப்பேறு மருத்துவர், குழந்தைநல மருத்துவர், நர்சிங் பேராசிரியர், அனுபவமுள்ள வார்டு இன்சார்ஜ் என்று ஆறு பேரிடம் கொடுங்கள். ஒவ்வொரு கேள்வியும் பொருத்தமா என்று ஒன்று முதல் நான்கு வரை போடட்டும். 3 அல்லது 4 போட்டவர்களின் விகிதம் 0.78-க்குக் குறைந்தால் அந்தக் கேள்வியைத் திருத்துங்கள் அல்லது எடுத்துவிடுங்கள். பிறகு வேறொரு மருத்துவமனையில் முப்பது பேரிடம் ஒத்திகை. எல்லோரும் சரியாகச் சொல்லும் கேள்வியும் யாருமே சொல்லாத கேள்வியும் பெரும்பாலும் வீண். சரி, தவறு என்று மதிப்பெண் போடும் தாளுக்கு கே.ஆர்-20 (கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று காட்டும் எண்) கணக்கிடுங்கள், 0.70-க்கு மேல் இருந்தால் நம்பலாம்.

படி 7: யாரிடம், எப்போது

300 செவிலியர் உள்ள மருத்துவமனை என்று வைத்துக்கொள்வோம். 95 சதவீத நம்பகத்தன்மை, 5 சதவீதப் பிழை என்றால் பொதுச் சூத்திரம் 384 என்று சொல்லும். மொத்தமே 300 பேர் என்பதால் திருத்தினால் 169 வரும். பத்து சதவீதம் பேர் விட்டுவிடுவார்கள் என்று சேர்த்தால் 188. சின்ன மருத்துவமனை என்றால் இந்தக் கணக்கே வேண்டாம், எல்லோரையும் சேர்த்துவிடுங்கள்.

வார்டு வாரியாகக் குலுக்கிப் போடுங்கள். பகலில் இருப்பவர்களையே பிடித்துக் கேட்டால் நைட் டூட்டிக்காரர்கள் விட்டுப்போவார்கள். அதற்காக இரவு முழுக்க நின்றுவிட்டு வருபவரைக் காலையில் உட்கார வைப்பது அநியாயம். அவரது அடுத்த பகல் டூட்டியில் நேரம் ஒதுக்குங்கள். மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களில் உள்ள சுகாதார செவிலியர்களை மறக்காதீர்கள். வீடு வீடாகப் போகிற அவர்களுக்குத்தான் குடும்பங்களின் கதை முழுவதும் தெரியும்.

பெயர் கேட்காதீர்கள். முன், பின் தாள்களைச் சேர்க்க அவரவரே ஒரு குறியீடு எழுதட்டும்: அம்மா பெயரின் முதல் எழுத்து, பிறந்த மாதம், செல்போன் எண்ணின் கடைசி இரண்டு இலக்கம். வயது, அனுபவம், வார்டு, படிப்பு என்று எல்லாவற்றையும் துல்லியமாகக் கேட்டால் பெயர் இல்லாமலேயே ஆள் யாரென்று தெரிந்துவிடும். வரம்புகளாகக் கேளுங்கள்.

தாளை ஒரே நேரத்தில், ஓர் அறையில், கண்காணிப்பாளர் இல்லாமல் எழுத வையுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால் விடையும் வாட்ஸ்அப்பிலேயே சுற்றும்.

படி 8: முடிவைப் படிப்பது

75 சதவீதத்துக்கு மேல் போதுமானது, 50-க்குக் கீழ் குறைவு என்று மூன்றாகப் பிரித்து ஒரு வட்டப்படம் போடுவது நம் ஆய்வேடுகளில் வழக்கம். அந்தப் படத்தை வைத்து யாராலும் ஒரு வகுப்புகூடத் திட்டமிட முடியாது. கேள்வி வாரியாகப் பாருங்கள். எந்தக் கேள்வியில் எத்தனை பேர் சரி, எத்தனை பேர் "தெரியவில்லை", எத்தனை பேர் ஒரே தவறான விடையில் குவிந்திருக்கிறார்கள்? கடைசி வகைதான் உங்கள் முதல் வகுப்பு. "தெரியவில்லை" தவிர்த்த நான்கு விடைகளில் ஒன்றைக் கண்ணை மூடிக் குறித்தாலே 24-க்கு ஆறு வரும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஆறு, ஏழு மதிப்பெண்ணை அறிவு என்று எண்ணக் கூடாது.

பிறகு வார்டு வாரியாக, படிப்பு வாரியாக. அனுபவம் கூடினால் அறிவு கூடும் என்று முன்கூட்டியே எழுதிவைத்துவிடாதீர்கள், தரவு சொல்லட்டும். அதோடு கேஸ் ஷீட்டுகளையும் எடுத்துப் பாருங்கள். கடந்த மாதத்து முப்பது ஷீட்டுகளில் குடும்ப வரலாறு நிரப்பப்பட்டிருக்கிறதா? சொந்தத் திருமணம் என்ற இடத்தில் வெறும் "ஆம்" இருக்கிறதா, "தாய்மாமன்" என்று இருக்கிறதா? தாளில் நன்றாக எழுதியவர்களின் வார்டிலேயே இந்த இடம் காலியாக இருந்தால், குறை அறிவில் இல்லை. படிவத்தில் இடமில்லை, அல்லது ஒருவருக்கு நாற்பது நோயாளி. அதை அப்படியே அறிக்கையில் எழுதும் துணிச்சல் வேண்டும். செவிலியர் பற்றாக்குறையைச் செவிலியரின் அறியாமை என்று எழுதிவிடக் கூடாது.

படி 9: திருப்பிக் கொடுங்கள்

முடிவு முதலில் போக வேண்டிய இடம் எழுதியவர்களிடம். இரண்டு வாரத்துக்குள் வார்டு வார்டாகப் போய், அதிகம் தவறிய ஐந்து கேள்விகளை மட்டும் எடுத்து, டூட்டி மாறும் நேரத்துக்கு முன் இருபது நிமிடம் பேசுங்கள். பவர்பாயின்ட் வேண்டாம். அந்தக் காசிமேட்டுக் குடும்பத்தைப் பெரிய சார்ட்டில் எல்லோரும் சேர்ந்து வரையட்டும். மூன்று மாதம் கழித்து அதே தாள், வேறு பெயர்கள் கொண்ட பெடிகிரிக் கதை, மறுபடியும் முப்பது கேஸ் ஷீட்.

அதற்கிடையே ஒவ்வொரு நர்சிங் ஸ்டேஷனிலும் ஒரு பக்கத் தாள் ஒட்டுங்கள். எச்.பி.எல்.சி. மாதிரி எங்கே, எந்தக் குழாயில், எத்தனை மணிக்குள் போக வேண்டும். ஹீல் பிரிக் பிறந்து 24 மணி நேரம் ஆன பிறகு, முடிந்தவரை 48 முதல் 72 மணிக்குள். முதல் நாளில் தைராய்டைத் தூண்டும் ஹார்மோன் (டி.எஸ்.எச்.) இயல்பாகவே ஏறியிருப்பதால் முடிவு ஏமாற்றும். கருக்கொடிப் பரிசோதனை தேவைப்பட்டால் எந்த மருத்துவமனையில், எந்தக் கிழமை, யாரிடம் பேச வேண்டும், போன் எண் என்ன. அந்த எண்களை ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒருவர் கூப்பிட்டுப் பேசிச் சரிபார்க்க வேண்டும். அது யாருடைய பொறுப்பு என்பதையும் தாளின் அடியிலேயே எழுதி வையுங்கள்.